ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் உன் பியானோ

அன்புள்ள மதோகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது. அங்கே கோபன்ஹேகனில் நீ நலம் என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், சொல்லும்போதே மூக்கு அடைத்திருப்பது இங்கே கேட்கிறது, ஆகவே நலம் என்று எழுதி வைக்கிறேனே தவிர நம்பவில்லை. வடமேற்குக் காற்று தொடங்கிவிட்டது, முள்ளங்கியெல்லாம் புகைக்குக் கட்டித் தொங்கவிட்டாயிற்று, இந்த வருஷம் கரடிகள் மலையிலிருந்து இறங்கி நம் வார்டு குப்பைக்கூண்டு வரை வந்துவிட்டுப் போகின்றன. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், அதைத் தொலைபேசியில் சொன்னால் நீ ம், ம் என்று மட்டும் சொல்வாய், அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு வாரம் தூங்காமல் கிடப்பேன், அதனால்தான் கடிதம். பொறுமையாக முழுதும் படி, நடுவில் கோபித்துக்கொண்டு மடித்து வைத்துவிடாதே.

உன் சிடி செப்டம்பரில் வந்தது அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். 'உராசே, வடமேற்குக் காற்று' என்று நம் ஊர்ப் பெயரை அட்டையில் பார்த்ததும் உன் அப்பா அதைத் தன் குட்டி லாரியில் போட்டுக்கொண்டு துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு 'நல்லா இருக்கு' என்றார். மனிதர் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் சொற்களில் அது பாதி, ஆகவே நீ சந்தோஷப்படலாம். அன்றைக்குப் பார்த்து, வார்டு அறிவிப்புகளோடு வீடு வீடாகப் போகும் சுற்றுப் பலகை நம் வீட்டு முறை. பக்கத்து வீட்டு ஒகபே அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, 'ஏன் சதாயோ, மக பியானோ வாசிச்சு வெளிநாட்டுல சிடி போட்டிருக்காளாமே, எங்களுக்கெல்லாம் காட்ட மாட்டியா, மூடி மூடி வெச்சுக்கிறியே' என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குப்பை எடுக்கும் நாள் மாற்றம், கரடி எச்சரிக்கை, காய்ச்சல் ஊசி போடும் தேதி, இந்த மூன்று தாளுக்கும் கீழே உன் சிடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் துணி மாட்டும் கிளிப்பால் கவ்வ வைத்து அனுப்பிவிட்டேன். பதினேழு வீடு. கேட்ட வீட்டுக்காரர் அவரவர் கட்டத்தில் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குத் தர வேண்டியது, கருத்து இருந்தால் பக்கத்தில் எழுதலாம் என்று நானே ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டாம்.

பத்து நாளில் பலகை திரும்பி வந்தது. பதினாறு முத்திரையும் நேராக, சிவப்பாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல நின்றன. ஆறு வீட்டில் சிடி போடும் பெட்டியே கிடையாது, அது எனக்குத் தெரியும், இருந்தும் குத்தியிருந்தார்கள், நம் ஊரில் பலகை ஒரு வீட்டில் இரண்டு நாள் நின்றால் அந்த வீட்டு மானம் போயிற்று அல்லவா. ஒகபே அக்கா 'இரண்டு தடவை கேட்டேன், முள்ளங்கி சீவ மிகவும் ஏற்றது' என்று எழுதியிருந்தாள். மீன்பிடிச் சங்கத்துக்காரர் 'இரண்டாவது பாட்டில் கடல் அமைதியாக இருக்கிறது, வடமேற்குக் காற்று வீசும் பிப்ரவரியில் அப்படி இருக்காது, திருத்தவும்' என்று எழுதியிருந்தார். நம் வார்டுத் தலைவர் இவாகுரா ஐயா நுணுக்கி நுணுக்கி எட்டு வரி எழுதியிருந்தார், சாரம் இதுதான்: எட்டுப் பாட்டில் துறைமுகம் உண்டு, பெந்தென் குன்று உண்டு, அலைதடுப்புக் கட்டைக்குக்கூட ஒரு பாட்டு உண்டு, மூன்றாம் வார்டுக்கு மட்டும் ஏன் இல்லை, இது கவனக்குறைவா அல்லது வேண்டுமென்றே செய்ததா. பதினோராம் வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்துத்தான் எனக்குப் பகீரென்றது. 'ஆறாம் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது, தட்டில் கோளாறு என்று நினைத்துப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவினேன், இன்னும் அப்படியே இருக்கிறது.' அதற்குக் கீழே பன்னிரண்டாம் வீட்டுக்காரர், 'நாங்களும் கழுவிப் பார்த்தோம்.' எலுமிச்சை வாசனையோடு உன் ஜாஸ் வீடு திரும்பியது, கூடவே ஒரு பை சீமைப் பனிச்சைப் பழமும் வந்தது. பதினேழாவது கட்டம் நம்முடையது. அதில் மட்டும் நான் முத்திரை குத்தவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதோடு முடிந்திருக்கும். அக்டோபரில் உங்கள் ஊர்ப் பத்திரிகையில் யாரோ உன்னைப் புகழ்ந்து எழுதப்போய், அதை இங்கே ஊராட்சி அலுவலகத்தில் இயந்திரத்தை விட்டு மொழிபெயர்த்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். 'ஆறாம் பாட்டின் நெடிய இடைவெளிகளில் கீழ்த்திசையின் ஆதி மௌனம் பனியாகப் பொழிகிறது' என்று இருந்தது. அந்த விமரிசகருக்கு நம் ஊரைக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது மதோகா, காலையில் மீன் ஏல மணி, பகலில் காற்றாலை, சாயங்காலம் இவாகுரா ஐயா, ஆதி மௌனத்துக்கு இங்கே எந்த வீட்டில் இடம் இருக்கிறது? ஆனால் ஒட்டிய மறுநாளே ஊர் தலைகீழாக மாறிப்போயிற்று. ஜாஸ் கடை மிகாமி இருக்கிறாரே, பேசக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக அமெரிக்க இசைத்தட்டை மட்டும் போட்டு ஒரு கோப்பை காப்பியை மூன்று மணி நேரம் விற்கிறவர், அவர் உன் அட்டையைக் கண்ணாடிச் சன்னலில் வைத்து, 'இந்தப் பொண்ணுக்கு ஜாஸ்னா என்னன்னு காதுல ஓதினதே நான்தான்' என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். பதினாறு வயதில் பாட்டோடு சேர்ந்து முனகினாய் என்று உன்னைப் பாதிக் காப்பியில் எழுப்பி வெளியே அனுப்பியவர் இவர்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ வந்த கோலம் எனக்கு மறக்கவில்லை. நேரில் கேட்டேவிட்டேன். 'அதுவும் ஒரு பாடந்தான் தாயி' என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது, காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சுற்றுலாப் பிரிவுக்கு இப்போது உன்னோடு ஆறாம் வகுப்பில் படித்த தகேஹானாதான் தலைவன், தலையில் பாதி முடி போய்விட்டது. அவன் ஒரு கூட்டம் போட்டான். பியானோக் கட்டை மாதிரி கறுப்பு வெள்ளையில் ஐஸ்கிரீம் விற்கலாம், கறுப்புக்குக் கணவாய் மை போடலாம் என்று ஒரு யோசனை. ஹதாஹதா மீனுக்குக் கோட்டு மாட்டிப் பியானோ முன்னால் உட்கார வைத்துப் பொம்மை செய்யலாம் என்று இன்னொரு யோசனை, மீனுக்கு விரல் ஏது என்று உன் அப்பா கேட்டார், அன்றைய கணக்கு அவருக்கு அதோடு தீர்ந்தது. இவாகுரா ஐயா எழுந்து நின்று மூன்றாம் வார்டுக்கு ஒன்பதாவது பாட்டு வேண்டும் என்றார். நெடுஞ்சாலைக் கடைக்காரர் தன் கடைக்கும் ஒன்று என்றார், அது போன வருஷம் கட்டிய கடை, அதில் நிலக்காட்சி என்று இருப்பது கார் நிறுத்துமிடம்தான். கடைசியில் தகேஹானா முடிவாகச் சொன்னது: சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஐம்பது வருஷமாகப் போடுகிற பழைய பாட்டுத் தேய்ந்துவிட்டது, அதற்குப் பதில் மதோகாவின் ஆறாம் பாட்டு, அதன் பெயரே 'ஐந்து மணி' என்பதால் பொருத்தமோ பொருத்தம். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரே ஒரு சங்கடம், பாட்டு ஆறு நிமிடம், ஒலிபெருக்கிக்கு ஒதுக்கியது நாற்பது நொடி. அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். 'அதுல பாதிக்கு மேல சும்மாதான் இருக்கு, அந்தச் சும்மாவ எல்லாம் எடுத்துட்டா கச்சிதமா உக்காரும்' என்றான். உனக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். நீயோ 'அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்' என்று ஒற்றை வரியில் பந்தை என் பக்கம் தள்ளிவிட்டாய். இடைவெளியை வெட்டச் சம்மதம் என்று ஒரு தாள், கீழே என் முத்திரைக்கு ஒரு வட்டம், இரண்டு வாரம் அது சாப்பாட்டு மேசையில் சோயா சாஸ் புட்டிக்கு அடியில் கிடந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இவாகுரா ஐயாவைப் பார்த்து நான் சிரித்தேன் அல்லவா, மனிதர் தன் வார்டைத் தேடுகிறாரே என்று. நானும் தேடினேன். மூக்குக்கண்ணாடி போட்டு உன் அட்டையின் பின்பக்கத்தை மூன்று தரம் படித்தேன். துறைமுகம் இருக்கிறது, குன்று இருக்கிறது, காற்றாலை இருக்கிறது, அப்பா வேலை பார்த்த ஐஸ் கிடங்குகூட இருக்கிறது, 'அப்பாவின் குளிர்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறாய். அம்மா எங்கே? முப்பத்தொரு வருஷம் இந்த ஊருக்கே ஒலிபெருக்கியில் குரலாக இருந்தவள், தண்ணீர் நிற்கும் என்றும் கிழவர் காணவில்லை என்றும் கரடி வந்தது என்றும் சுனாமி அலை வரலாம் மேட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னவள், எனக்கு ஒரு பாட்டில்லை, அலைதடுப்புக் கட்டைக்கு உண்டு. எனக்கு வருத்தமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் வருத்தமாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நீ வீட்டுக்கு வரும்போது நான் வீட்டில் இருந்ததே இல்லை, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்றுகூட நினைத்தேன். அதனால்தான் பலகையில் நம் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அந்தக் கோபத்தில்தான் ஒரு திங்கட்கிழமை சோயா சாஸ் புட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, சும்மா இருப்பதை வெட்டினால் எனக்கென்ன நஷ்டம் என்று அந்தத் தாளில் நறுக்கென்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். உன் பாட்டை வெட்டச் சம்மதித்தவள் நான்தான். தகேஹானாவைத் திட்டாதே.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஒத்திகை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலைக்கு வைத்திருக்கிறார்களே, கணினிப் பெண், சளி பிடிக்காது, சம்பளம் கேட்காது, அவள் முதலில் அறிவித்தாள். வழக்கம்போல் மூச்சே விடாமல் பேசினாள், துறைமுக ஒலிபெருக்கிக் கம்பத்திலிருந்து வரும் சொல் முடிவதற்குள் பள்ளிக் குன்றிலிருந்து முந்தின சொல் வந்து மோதியது, யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு உன் பாட்டு வந்தது. கண்ணே, அதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினான்கு கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உருண்டு, யாரோ பியானோவைக் கோயில் படிக்கட்டில் உருட்டிவிட்டது போல இருந்தது. நாய்களெல்லாம் ஊளையிட்டன. முள்ளங்கிக் கட்டோடு நான் வாசலுக்கு ஓடிவந்தால், ஒகபே அக்கா அவசரப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, 'அலை வருதாம் சதாயோ, நிக்காத, மேட்டுக்கு ஓடு' என்று கத்திக்கொண்டே ஓடுகிறாள். இவாகுரா ஐயா இரும்புத் தொப்பி மாட்டிக் கையில் கொடியோடு மூன்றாம் வார்டை வரிசையில் நிறுத்திக் கோயில் மேட்டுக்கு ஏற்றிவிட்டார், அவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்களாம், அந்தப் பெருமை அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் மேட்டுக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். தகேஹானா வெளுத்துப்போய் நின்றான், 'அம்மா, கம்பம் எல்லாம் பழசு, அதான்' என்றான். 'கம்பம் பழசில்ல தம்பி, உனக்குத்தான் தொழில் தெரியல' என்றேன். முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான், ஒரு சொல் சொல், பிறகு வாயை மூடு, தொலைவில் கடல்முனையில் நிற்கும் கம்பத்தின் ஒலி ஊருக்குள் வந்து சேர ஐந்து நொடி ஆகும், அது வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த சொல். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மேசைக்கு அடியில் விரலை ஒன்று, இரண்டு என்று மடக்கிக்கொண்டே முப்பத்தொரு வருஷம் பேசினேன். இடைவெளி விடாமல் பேசினால் இந்த ஊர் தன் குரலாலேயே தன் காதை அடைத்துக்கொள்ளும். அதை அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவன் வெட்டி எடுத்த அந்தச் சும்மாவைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. வெட்டாத பாட்டைப் போடு என்றேன். ஊரே மேட்டில் நிற்கிறது, மறுபடியுமா என்றான். போடு என்றேன். போட்டுவிட்டு என் பின்னாலேயே வெளியே வந்தான், நாங்கள் இருவரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம்.

பியானோவில் ஒரு தட்டு விழுந்தது. துறைமுகத்திலிருந்து வந்தது, பிறகு பள்ளிக் குன்றிலிருந்து கொஞ்சம் மங்கி வந்தது, பிறகு நெடுநேரம் கழித்து முனையிலிருந்து காற்றில் ஆடி ஆடி வந்து சேர்ந்தது. என் விரல்கள் கோட்டுப் பைக்குள் தாமாக மடங்கத் தொடங்கியிருந்தன, நான் மடக்கவில்லை மதோகா, அவையே மடங்கின. ஐந்தாவதாகக் கட்டைவிரல் மடங்கியதும் உன் அடுத்த தட்டு விழுந்தது. மறுபடி ஐந்து, மறுபடி தட்டு. ஏழு தட்டு. இது, உராசே, ஊராட்சி அலுவலகம், மணி ஐந்து, பிள்ளைகளே, வீட்டுக்கு, போங்கள். எங்கே நான் குரலை ஏற்றுவேன், 'பிள்ளைகளே'யில் எப்படிக் கொஞ்சம் இறங்குவேன், எல்லாம் அப்படியே இருந்தது. நான் என் குரலை வெளியில் நின்று ஒரு நாளும் கேட்டதில்லை, எப்போதும் கூண்டுக்குள்தானே இருந்தேன். நீதான் கேட்டிருக்கிறாய், சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொல்லையில் தனியாக நின்று தினமும் கேட்டிருக்கிறாய். நாலு வயதில் ஒரு நாள், 'எனக்கு மூணு அம்மா இருக்காங்க, ஒரு அம்மா மட்டும் ரொம்ப லேட்டா வர்றாங்க' என்று நீ சொன்னதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் குத்துகிறது. அந்த இடைவெளியை விமரிசகர் பனி என்கிறார், தகேஹானா சும்மா என்கிறான், பதினோராம் வீட்டுக்காரர் கோளாறு என்று சோப்புப் போடுகிறார். அதைத்தான் நான் முத்திரை குத்தி வெட்டக் கொடுத்தேன். கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன், தகேஹானா கைக்குட்டை கொடுத்தான், நல்ல பையன்தான், முடி போனது பாவம்.

பிறகு நடந்தது சுருக்கம். தாளைத் திருப்பிக் கேட்டேன், முத்திரை விழுந்த தாளைத் திருப்பித் தர விதியில்லை என்று அலுவலகம் சொன்னது, அப்படியானால் விதி கிடைக்கும் வரை இங்கேயே உட்காருகிறேன் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாலைக்குள் கிடைத்துவிட்டது. முடிவு என்னவென்றால், ஆறு நிமிடமும் போட முடியாது, வெட்டவும் கூடாது, ஆகவே முதல் நாற்பது நொடியை உள்ளது உள்ளபடி போடுவது. நாற்பது நொடிக்குள் ஏழு தட்டுத்தான் அடங்குகிறது. இவாகுரா ஐயா, 'இந்த ஏழு தட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம், என் பேரன் ஒரு கையால அடிப்பானே' என்கிறார், ஆனால் மூன்றாம் வார்டில் அது தெளிவாகக் கேட்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். மிகாமி ஐந்து மணிக்குத் தன் இசைத்தட்டை நிறுத்திவிட்டுக் கடைக் கதவைத் திறந்து வைக்கிறாராம், பேசக் கூடாது என்ற பலகையைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார். ஐஸ்கிரீம் மட்டும் வந்துவிட்டது, அதைத் தடுக்க என்னால் முடியவில்லை, உன் அப்பா இரண்டு சாப்பிட்டு ஒரு நாள் முழுக்கக் கறுத்த பல்லோடு திரிந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஐந்து மணிக்குக் கொல்லையில் முள்ளங்கிக்குக் கீழே போய் நிற்கிறேன், நீ நின்ற இடத்தில். துறைமுகத்திலிருந்து ஒரு மதோகா வருகிறாள், பள்ளிக் குன்றிலிருந்து ஒரு மதோகா வருகிறாள். மூன்றாவது மதோகா முனையிலிருந்து எப்போதும் தாமதமாகத்தான் வருகிறாள், வந்துவிடுகிறாள். அவளும் வந்த பிறகுதான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

பொட்டலத்தில் போன வருஷத்துப் புகை முள்ளங்கி ஊறுகாய் நாலு, முதுகில் ஒட்டும் சூட்டுப் பட்டை இருபது, உன் அப்பா பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வைத்திருக்கிறேன், ஒன்று பெரிது ஒன்று சிறிது, கண்டுகொள்ளாதே. மூக்கடைப்புக்கு மருத்துவரைப் பார். சைக்கிளில் போகும்போது தொப்பி போடு. கச்சேரி முடிந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல், வாசிக்கும் ஊரிலெல்லாம் கேட்கும் காது உனக்குக் கிடைத்து, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பலகைத் தாளின் பதினேழாவது கட்டத்தை வெட்டி இந்தக் கடிதத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன். வெட்டச் சம்மதித்த அதே முத்திரைதான், இந்த முறை இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினேன். கேட்டேன் என்பதற்கு அத்தாட்சி.

உன் அம்மா,
சதாயோ
உராசே, மூன்றாம் வார்டு, பதினேழாம் வீடு